விலாசமில்லா வயலுக்கு இட எண்

வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் இல்லாத வயலைப் பிறருக்குக் காட்டுவது எங்ஙனம்? "குளத்துக்குக் கிழக்கே, மருத மரத்தடி" என்பது ஊராருக்குப் போதும். நெற்பயிரைக் கபிலநிறத் தத்தி தாக்கும்போது வெளியூரிலிருந்து வரும் விவசாயப் போதனாசிரியருக்கு அது போதாது. வழி தேடுவதில் நாள் கழியின், பீடை அயல் வயல்களுக்கும் பரவும்.

அகலாங்கு, நெட்டாங்கு என்னும் இரு எண்களும் இக்குறையை நீக்கும். மரநிழலை விட்டு வயலின் நடுவே நின்று, கைத்தொலைபேசி வரைபடத்தில் நீலப் புள்ளி நிலைக்கும்வரை சிறிது பொறுத்திருங்கள். பின்னர் அவ்விடத்தை விரலால் அழுத்திப் பிடிக்க, எண்கள் தோன்றும்.

இலங்கையில் அகலாங்கு 5க்கும் 10க்கும் இடையிலும், நெட்டாங்கு 79க்கும் 82க்கும் இடையிலும் அமையும். அகலாங்கையே முதலில் எழுதுக. முறை மாறின், உங்கள் வயல் வடதுருவத்தை அடுத்த கடலிற் காட்டப்படும்!

தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் வேண்டும். இரண்டாம் இலக்கம் ஒன்று பிசகினால் இடம் ஒரு கிலோமீற்றருக்கு மேல் விலகும். நான்காம் இலக்கமாயின் ஏறத்தாழ 11 மீற்றரே விலகும்.

இவ்வெண்களை இன்றே குறித்து வைத்து, உதவி கோரும்போது கூறுங்கள். இவை வழிகாட்டுவனவேயன்றி எல்லைக்குச் சான்றாகா. எல்லைப் பிணக்கிற்கு உரிமம் பெற்ற நில அளவையாளரையே நாடுக.