மீட்டரில் அகப்படாத மலை: நோய்க்காலமும் மின்சார ஒழுங்குமுறையும்

1

மின்சாரம் பற்றி நம்மிடையே உள்ள எழுத்து பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, கரண்டு போச்சு என்கிற புலம்பல். மற்றது, வாரியத்தின் நட்டக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து விலையை நிர்ணயிக்கிற ஓர் அமைப்பை நாம் வாசிக்கவே இல்லை. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படி 1999இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தைத்தான் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அதன் அதிகாரத்தை விரித்தது. யூனிட் என்ன விலை, பில்லை எப்படிக் கணக்கிடுவது, புகாரை எங்கே சொல்வது என்பதையெல்லாம் வகுப்பது அதுவே. மந்திரிக்குத் தேர்தல் பயம், வாரியத்துக்கோ கஜானா காலி. ஆகவே இருவருக்கும் அப்பால் நிற்கிற நடுநிலையாளர்கள் விலையைத் தீர்மானிக்கட்டும் என்பது தொண்ணூறுகளில் உலக வங்கி முன்வைத்த சீர்திருத்தத்தின் வாதம். 1996இல் ஒரிஸாவில் தொடங்கி மாநிலம் மாநிலமாக ஆணையங்கள் வந்தது இப்படித்தான்.

இந்த நடுநிலை யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்ப்பதில்லை? கொரோனா ஊரடங்கு வந்த 2020, இந்தக் கேள்வியைக் கேட்க நமக்குக் கிடைத்த சந்தர்ப்பம்.

2

முதலில் மேலே நடந்தது. ஊரடங்கு தொடங்கியதும் ஆலைகள் நின்றன. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பெரிய வாடிக்கையாளர்கள் போய்விட, குறைந்த விலையில் வாங்கும் வீடுகள் மட்டும் மிஞ்சின. விநியோக நிறுவனங்களின் வரவு சரிந்தது. மின் உற்பத்தியாளர்களுக்குத் தர வேண்டிய பாக்கி ஏறியது. மார்ச் இறுதியில் மத்திய மின் அமைச்சகம் அறிவுறுத்தியதையடுத்து, மத்திய ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரல் 3 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது: மார்ச் 24 முதல் ஜூன் 30 வரையிலான காலத்தில், 45 நாள் கடந்த பாக்கிக்குத் தாமதக் கட்டணம் ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்குப் பதில் 12 விழுக்காடு. மே 13 அன்று நிதியமைச்சர் விநியோக நிறுவனங்களுக்கு 90,000 கோடி ரூபாய் அறிவித்தார். அது நன்கொடை அல்ல, மாநில அரசுகளின் உத்தரவாதத்தின் மேல் தரப்படும் கடன்.

'நிவாரணம்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். யாருடைய பாக்கியும் இதில் அழியவில்லை. இன்றைய பாக்கி நாளைய பாக்கியானது, அவ்வளவுதான். நாளை அதை யார் தூக்குவது என்பதே அரசியல்.

3

இனி கீழே. மிஷேல் ஃபூக்கோ, பிளேக் பீடித்த நகரத்தில் அதிகாரம் எப்படி வீடு வீடாக வந்து ஆளை எண்ணியது என்று எழுதியிருக்கிறார். நம்மூரில் நடந்தது நேர் எதிர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தவறாமல் வருகிற ஒரே அரசு ஆள், மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். நோய்க்காலத்தில் அவர் வரவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டுங்கள் என்றது மின்வாரியம். கட்ட முடியாதவர்களுக்குக் கெடு மாதம் மாதமாகத் தள்ளிப்போனது. "ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போயிடுவாங்க" என்கிற பழைய பயம் சில மாதம் ஓய்ந்தது. அது உண்மையான ஆறுதல்தான், மறுப்பதற்கில்லை.

பிறகு ரீடிங் எடுத்தார்கள். நான்கு மாத உபயோகத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் கட்டணம் போட்டு, முன்பு கட்டிய ரூபாயைக் கழித்தார்கள். பார்வைக்கு நியாயமான கணக்கு. ஆனால் நம் கட்டண முறை சரிவுப் பாதை அல்ல, படிக்கட்டு. அன்றைய விகிதத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடினால் 1786 ரூபாய் சொச்சம். இதில் சராசரி போட்டால் என்ன ஆகும்? ஒரு வீடு முதல் இரண்டு மாதம் 190, அடுத்த இரண்டு மாதம் 230 யூனிட் செலவழித்தது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே 155, 320. மொத்தம் 475 ரூபாய். சராசரிப்படி 210, 210. மொத்தம் 520 ரூபாய். 45 ரூபாய் கூடுதல். எண்கள் வேறு மாதிரி விழுந்தால் லாபமும் வரலாம். ஆனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பது தற்செயலுக்கு விடப்பட்டது. வீட்டை விட்டு வெளியே வராதே என்று சட்டம் போட்டு, வீட்டுக்குள் எரிந்த விளக்குக்குப் படி ஏற்றிக் காசு வாங்குவது என்ன நியாயம் என்று ஜனங்கள் கேட்டார்கள்.

இந்த வாதம் தெருவிலும் உயர்நீதிமன்றத்திலும்தான் நடந்தது. கணக்கு முறையை எதிர்த்த மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஜூலையில் தள்ளுபடி செய்தது. அதே மாதம் தி.மு.க. கறுப்புக்கொடிப் போராட்டம் நடத்தியது. கூடலூரிலிருந்து எல்லை தாண்டினால் வருகிற கேரளத்தில் இதே கூச்சல் எழுந்தபோது, கூடுதல் தொகையில் ஒரு பகுதியை அரசு மானியமாக ஏற்று, மீதியைத் தவணையில் கட்டச் சொன்னது. அங்கும் முடிவெடுத்தது அரசு. நடுவராக இருக்க வேண்டிய ஆணையத்தின் குரல் எங்குமே முன்னால் கேட்கவில்லை.

4

நீலகிரியிலிருந்து பார்த்தால் பிரச்சினை இன்னும் ஆழமானது. 1932இல் பைக்காரா, பிறகு மோயாறு, அறுபதுகளில் குந்தா என்று தமிழகத்துக்கு நீர்மின்சாரம் கொடுத்த மலை இது. கோவையின் பஞ்சாலைகள் பெருகியதில் பைக்காராவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் சட்டத்தின் பார்வையில் இந்த மலைவாசிகளில் ஒரு பகுதியினர் நுகர்வோரே அல்ல.

ஏனெனில் நுகர்வோர் என்பது ஓர் இணைப்பு எண். எஸ்டேட் லைன் வீடுகளில் இணைப்பு கம்பெனி பெயரில் இருக்குமானால், கெடு நீட்டிப்பு கம்பெனிக்குத்தான். சம்பளத்தில் பிடிக்கிற கரண்டுக் காசு ஒழுங்குமுறையின் கண்ணில் படாது. கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னும் மோசம். 1969ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலங்களில் உரிமைத் தகராறு தீராததால், அங்கே குடியிருந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் இணைப்பே மறுக்கப்பட்டது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், பழங்குடிகள், கேரளத்திலிருந்து குடியேறியவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். இணைப்பே இல்லாதவனுக்குத் துண்டிக்க மாட்டோம் என்ற வாக்குறுதி எதற்கு? 2020இல் பள்ளிக்கூடம் கல்வித் தொலைக்காட்சிக்கும் செல்போனுக்கும் இடம் மாறியபோது, இருட்டு வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே இல்லாமல் போனது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஓடாத ஆலைக்கும் ஒப்பந்த மின்தேவையில் 90 விழுக்காட்டுக்குக் கட்டணமா என்று உயரழுத்த இணைப்பு வைத்திருந்த பஞ்சாலைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஊரடங்குக் காலத்துக்கு 20 விழுக்காடு போதும் என்று 2020 ஆகஸ்டில் தீர்ப்பு கிடைத்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அது உயரழுத்த இணைப்புகளுக்கானது. மலர்க் கண்காட்சியும் சீசனும் இல்லாமல் பூட்டிக் கிடந்த ஊட்டிக் கடைத்தெருவின் சிறிய கடைகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. சங்கமும் வக்கீலும் இருக்கிறவனுக்கு விதி வளைகிறது.

பிரிட்டனில் நோயாளிகள், முதியவர்களுக்கென்று மின் நிறுவனங்கள் தனிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பின் விதி. அந்நாட்டைப் புகழ இதைச் சொல்லவில்லை. எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்பதை விதியிலேயே எழுத முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

5

தள்ளிவைத்த பாக்கி என்ன ஆயிற்று? ஒழுங்குமுறை மொழியில் ஒரு விசித்திரமான சொல் உண்டு: ஒழுங்குமுறைச் சொத்து. இன்று வசூலிக்காமல் விட்டு, பிற்காலத்தில் நுகர்வோரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆணையம் ஒப்புக்கொண்ட தொகை அது. நிறுவனத்தின் ஏட்டில் சொத்து. நம் தலையில் கடன். நோய்க்காலப் பாக்கி முழுவதும் இந்தப் பெயரில் ஏறியது என்று சொல்லவில்லை. ஆனால் தர்க்கம் ஒன்றே. 2014க்குப் பிறகு ஏறாமல் இருந்த கட்டணம் 2022 செப்டம்பர் 10 முதல் ஏறியது. விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறும் வழியும் அத்தோடு திறந்தது. நோய்க்காலத்தின் கணக்கும் அதற்கு முந்தைய நட்டமும் ஒன்றாகக் கலந்து வந்தபோது, எது யாருடைய பங்கு என்று பிரித்துக் கேட்க ஆளில்லை.

கேட்க இடம் மட்டும் இருந்தது. ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே கட்டண ஆணை பிறப்பிக்கலாம் என்கிறது சட்டத்தின் 64ஆம் பிரிவு. 2022 ஆகஸ்டில் பொது விசாரணை கோவை, மதுரை, சென்னையில் நடந்தது. கூடலூர்க்காரர் பேச வேண்டுமென்றால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் நூற்றுக்கணக்கான பக்க மனுவில் தன் வீடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஆணையத்தை ஒழிக்கச் சொல்வது என் வாதமல்ல. மந்திரியின் அறிவிப்பும் நீதிமன்றத் தீர்ப்பும் கணக்கை விளக்க வேண்டியதில்லை. கணக்கைப் பகிரங்கமாக விளக்கியாக வேண்டிய ஒரே இடம் ஆணையம்தான். ஆகவே அடுத்த நோய்க்காலத்துக்கு முன்பே எழுதிவைக்க வேண்டியவை சில. ரீடிங் எடுக்க முடியாத மாதங்களுக்கு, இரண்டு கணக்கில் எது குறைவோ அதையே வசூலிப்பது. கம்பெனி பெயரிலுள்ள லைன் வீடுகளையும் தனி வீடாகக் கருதுவது. இணைப்பு மறுக்கப்பட்ட வீடுகளின் பட்டியலைக் கட்டண மனுவோடு சேர்த்து வெளியிடச் செய்வது. விசாரணையை ஊட்டியிலும் நடத்துவது.

இவற்றைக் கேட்பது பொறியாளர்களின் வேலை, நமக்கென்ன என்று இலக்கியக்காரர்கள் ஒதுங்கியிருக்கிறோம். அந்த மனுவும் ஒரு பிரதிதான். அதில் விடுபட்டவர்களை வாசித்துச் சொல்ல நமக்குத் தெரியும்.