ஒரே மேசையில் இரண்டு காகிதம்

சத்தியமும் சாசனமும் – 11

ராசிபுரத்துக்குப் பக்கத்துக் காலனியில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுச் சுவர். இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. அண்ணன் சின்ன வயதிலேயே ஞானஸ்நானம் வாங்கியவர். ஞாயிறு காலை பூசைக்கு வெளுத்த வேட்டியில் கிளம்பிவிடுவார். தம்பி வாங்கவில்லை. ஐப்பசியில் நித்திய சுமங்கலி மாரியம்மன் பண்டிகை என்றால் தம்பி வீட்டில் விருந்து, கிறிஸ்துமஸ் என்றால் அண்ணன் வீட்டில். பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டு எந்த வீட்டில் தூங்குகிறார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

அரசாங்கம் மட்டும் கணக்கு வைத்திருக்கிறது. தம்பியின் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், பட்டியல் சாதி. அண்ணனுடையதில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே ரேஷன் கடையில் வரிசை நிற்பவர்கள். ராசிபுரம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதில் தம்பி போட்டியிடலாம். அண்ணன் போட்டியிட முடியாது.

சென்ற வாரம் டேனியல் ஓ'கானலை லண்டன் நாடாளுமன்றத்தில் நிற்க வைத்துவிட்டு வந்திருந்தேன். 1829 மே 15. அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் முந்தைய ஆண்டு வென்ற கத்தோலிக்க வழக்கறிஞர். அவர் கையில் கொடுத்த சத்தியப் பிரமாணத்தைப் படித்துப் பார்த்தார். போப்பாண்டவருக்கு இந்த நாட்டில் எந்த அதிகாரமும் இல்லை என்று ஆணையிடச் சொன்ன பழைய வாசகம் அது. தன் மனதுக்குப் பொய் என்று பட்டதைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டு வெளியேறினார். 1673-லும் 1678-லும் வந்த சோதனைச் சட்டங்கள் கத்தோலிக்கரை 150 ஆண்டு வெளியே நிறுத்தியது இப்படித்தான். கத்தோலிக்கர் பதவிக்கு வரக்கூடாது என்று வாசலில் பலகை மாட்ட வேண்டியதில்லை. விசுவாசமுள்ள கத்தோலிக்கன் எவனும் சொல்ல முடியாத ஒரு வாக்கியத்தை எழுதி, அதைச் சொன்னால்தான் உள்ளே என்று வைத்தால் போதும்.

அந்த ஏப்ரலில்தான் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றத்தைத் திறந்துவிட்ட சட்டம் வந்திருந்தது. ஓ'கானல் அதற்கு முன்பே தேர்வானவர் என்பதால் பழைய வாசகத்தை நீட்டினார்கள். ஜூலையில் மறுபடி போட்டியின்றித் தேர்வாகி உள்ளே போனார். இதில் நான் சென்ற வாரம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தோடு கூடவே இன்னொரு சட்டமும் வந்தது. அயர்லாந்தின் நாட்டுப்புறங்களில் வாக்குரிமைக்கான நில மதிப்பு வரம்பை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக உயர்த்தினார்கள். கிளேரில் பண்ணையாரின் முகத்துக்கு நேராக ஓ'கானலுக்கு ஓட்டுப் போட்ட ஏழைக் குடியானவர்களின் ஓட்டு அதோடு போயிற்று. வக்கீலுக்கும் பிரபுவுக்கும் கதவு திறந்தது, அந்தக் கதவைத் தட்டிய கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையிலும் இதே இடம் வரும்.

இப்போது நம் ஊர்த் தேர்தல் அலுவலகம். சட்டமன்றத்துக்கு மனுப் போடுபவர் அங்கே ஒரு உறுதிமொழி எடுக்க வேண்டும். அரசமைப்பின் மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்பது அதன் சாரம். வேட்பாளரே இதைச் சொல்ல வேண்டும் என்பது 1963-ல் வந்த 16-ஆவது திருத்தம். அன்றைய தி.மு.க.வின் தனிநாட்டுக் கோரிக்கையை மனதில் வைத்து வந்த திருத்தம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மத விஷயத்தில் மட்டும் அந்தத் தாள் பெருந்தன்மையானது. கடவுளறிய என்று சொல்லலாம், உளமார என்று சொல்லலாம். எந்தக் கடவுள் என்று அதிகாரி கேட்க மாட்டார். கடவுளே இல்லை என்பவருக்கும் அதில் இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1880-ல் நார்தாம்ப்டனில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா பல ஆண்டு போராடிப் பெற்றதை, நம் சாசனம் முதல் நாளிலேயே கொடுத்தது. இதில் எனக்கு உண்மையான பெருமிதம் உண்டு.

ஆனால் அதே மேசையில் இன்னொரு காகிதம் இருக்கிறது. வேட்புமனுப் படிவம். தனித்தொகுதியில் நிற்பவர், இந்த மாநிலத்தின் பட்டியல் சாதிகளில் ஒன்றான இன்ன சாதியைச் சேர்ந்தவன் நான் என்று அதில் உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் 1950-ஆம் ஆண்டு ஆணை நிற்கிறது. இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் மூன்றாவது பத்தி. முதல் காகிதம் எந்தக் கடவுளையும் கேட்கவில்லை. இரண்டாவது காகிதம் கேட்கிறது.

இந்த மூன்றாவது பத்தி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1936-க்குப் போய்ச் சேருவோம். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபையில் 215 இடங்கள். தாழ்த்தப்பட்டோருக்கு 30. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதியாக 8, பெண்களுக்கான இடங்களில் கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஒன்று. ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கக்கூடாது என்பதால், இந்தியக் கிறிஸ்தவர் யாரும் தாழ்த்தப்பட்ட சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று வெள்ளைக்காரன் 1936-ல் ஆணை போட்டான். அதில் ஒரு கணக்கு இருந்தது. இந்தப் பந்தியில் இலை இல்லை, அந்தப் பந்தியில் போய் உட்கார் என்ற கணக்கு.

1949 மே மாதம் அரசமைப்பு நிர்ணய சபையில் அந்தப் பந்தியையே எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் பகைவர்கள் அல்லர். வங்காளத்துக் கிறிஸ்தவரான எச்.சி. முகர்ஜி, சென்னையிலிருந்து போன இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசௌசா போன்றவர்களே, மத அடிப்படையில் எங்களுக்குத் தனி இடம் வேண்டாம், பொதுவில் நின்று ஜெயிக்கிறோம் என்று மனமுவந்து விட்டுக்கொடுத்தார்கள். பிரிவினையின் ரத்தம் காயாத நேரம். அந்தப் பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். படித்த கிறிஸ்தவருக்குப் பொதுத் தொகுதி உண்மையிலேயே திறந்துதான் இருந்தது. 1957-ல் குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன் காமராஜர் மந்திரிசபையில் அமைச்சரானார்.

ஆனால் 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் ஆணை வந்தபோது, 1936-ஆம் ஆண்டின் விலக்கு வேறு வடிவில் அப்படியே உயிரோடு இருந்தது. கிறிஸ்தவருக்கான இடங்கள் போய்விட்டன, விலக்கு போகவில்லை. இரண்டு பந்தியிலும் இலை இல்லாமல் நின்றவன் சேரிக் கிறிஸ்தவன். விட்டுக்கொடுக்க முன்வந்த பெரியவர்கள் தங்களுக்கு உரியதை விட்டார்கள், அவனுக்கு உரியதும் சேர்ந்து போயிற்று. கிளேர் குடியானவர்களைச் சொன்னேனே, அது இந்த இடத்துக்காகத்தான். சீக்கியரில் சில சாதிகளுக்கு ஆரம்பத்திலேயே விதிவிலக்கு இருந்தது. 1956-ல் சீக்கியர் முழுமையாகவும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. ஆகஸ்ட் 10-ஐ தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாக அனுசரிப்பது இதனால்தான்.

ராசிபுரத்திலிருந்து கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை. அது சேந்தமங்கலம் தொகுதி, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பழங்குடித் தொகுதிகள் மொத்தமே 2. ஒன்று சேந்தமங்கலம், மற்றது ஏற்காடு. இரண்டும் நம் மாவட்டங்களில். கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி ஊழியம் செய்து 1929-ல் அங்கேயே இறந்தார். தொழுநோயாளிகளின் கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்டுக்கொடுத்த டாக்டர் பால் பிராண்ட் அவர் மகன், சிறுவயதில் அந்த மலையில் வளர்ந்தவர். அந்த மலையில் ஞானஸ்நானம் வாங்கிய மலையாளிப் பழங்குடி ஒருவர் சேந்தமங்கலத்தில் தாராளமாக மனுப் போடலாம். பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. மலையிறங்கி ராசிபுரம், ஆத்தூர், கெங்கவல்லி என்று தனித்தொகுதிகளுக்கு வந்தால் அதே ஞானஸ்நானம் தகுதிக் குறைவாகிவிடுகிறது.

மதம் மாறினால் சாதி போய்விடும் அல்லவா என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். 1985 செப்டம்பர் 30 அன்று சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் கேட்டது. சூசை, சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே தோல், அதே ஊசி, அதே நடைபாதை. கிறிஸ்தவத்துக்குள் போன பிறகும் அந்தச் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள்.

ஆதாரம் எங்கள் சேந்தமங்கலத்திலேயே 1623-லிருந்து கிடக்கிறது. இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி, தத்துவபோதக சுவாமி என்ற பெயரில் காவியுடுத்தி, மதுரையிலிருந்து நடந்தே சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த ஆண்டு அது. மதம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று போப் பதினைந்தாம் கிரகோரி ரோமிலிருந்து அனுமதி கொடுத்ததும் அதே 1623-ல். உயர்சாதியாருக்குச் சந்நியாசி சாமி ஒருவர், தாழ்த்தப்பட்டோருக்குப் பண்டாரசாமி என்று பின்னாளில் குருக்களையே பிரித்தார்கள். நோபிலியின் தமிழையும் துணிவையும் மதிக்கிறவன் நான். ஆனால் சாதியை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லாமல் உள்ளே வரச் சொன்ன முடிவின் விலையைச் சேரிக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கல்லறைக்குள்ளும் சுவர் எழும்பியது. திருச்சபை இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அது வேறு கணக்கு. திருச்சபை செய்த குற்றத்துக்கு அரசும் அதே ஆளையே தண்டிப்பது எப்படி நியாயமாகும்?

எந்த மதம் என்பதை நீதிமன்றம் எதை வைத்து முடிவு செய்கிறது? கோலார் தங்கவயல் ராஜகோபால் வழக்கைப் பாருங்கள். 1967-ல் தனித்தொகுதியில் வென்றார். 1949-ல் கிறிஸ்தவரானவர், திரும்பி வந்தாலும் சாதியார் ஏற்றுக்கொண்டதற்குச் சான்றில்லை என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. 1972-ல் மறுபடி வென்றார், மறுபடி வழக்கு. இந்த முறை அவர் அப்பாவுக்கு எந்த முறைப்படி கருமாதி நடந்தது, பிள்ளைகளைப் பள்ளியில் என்ன சாதி என்று சேர்த்தார், மாரியம்மன் திருவிழாவுக்கு அழைத்தார்களா என்பதெல்லாம் சாட்சியமாகி, 1975-ல் அவர் ஆதிதிராவிடர்தான் என்று தீர்ப்பானது.

அரை நூற்றாண்டு கழித்தும் இதே கதைதான். 2021-ல் கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற ஆ. ராஜா தமிழர். சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். எழுதிக் கொடுத்த தாளில் கடவுளறிய என்பதும் உளமார என்பதும் விடுபட்டிருந்ததால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அது சில நாளில் சரியானது. இரண்டாவது காகிதம் சரியாவதற்கு 4 ஆண்டு ஆனது. தேவாலயப் பதிவேட்டையும் கல்யாணப் புகைப்படத்தையும் பார்த்து, அவர் கிறிஸ்தவர் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. கல்யாணத்தன்று என்ன உடுத்தினாய் என்பதற்கும் மக்கள் பிரதிநிதியாக இருப்பதற்கும் நடுவில் இப்படியொரு முடிச்சு இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

எதிர்வாதத்தை மதிக்கிறேன். தமிழ்நாட்டில் தனித்தொகுதிகள் 44. மிஷன் பள்ளியில் படித்துவந்தவர்கள் போட்டிக்கு வந்தால் எங்கள் பங்கு குறையாதா என்று அருந்ததியர் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். அரசமைப்பின்படி தனித்தொகுதிகளின் எண்ணிக்கை மக்கள்தொகை விகிதத்தைப் பொறுத்தது. கிறிஸ்தவ தலித்துகளையும் சேர்த்து எண்ணினால் விகிதம் கூடும், தொகுதியும் கூட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாமல் ஒன்றை மட்டும் செய்தால் அவர் பயம் உண்மையாகிவிடும். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசைக் கேட்டது. படிப்புக்கும் வேலைக்கும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் ஒதுங்கிடமாவது இருக்கிறது. தேர்தலில் அதுவும் இல்லை. சாதிப் பேர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது.

2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல். நான் சொன்ன காலனி வார்டு பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. தெருவில் எல்லாருக்கும் மனு எழுதுவது, முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீசுக்கு அலைவது, தண்ணீர்க் குழாய்க்கு நின்று சண்டை போடுவது எல்லாம் அண்ணன்தான். நிற்கச் சொல்லி அவரைத்தான் கேட்டார்கள். தன் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் தம்பி நின்றார்.

மனுவை அண்ணனே உட்கார்ந்து எழுதினார். முன்மொழிபவர் என்ற இடம் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு என்ன சாதி, என்ன மதம்னு ஏதாச்சும் கேக்கறாங்களாங்க?"

"இல்லீங்கண்ணா. வார்டுல ஓட்டு இருந்தா போதும்."

பேனாவை உதறிக்கொண்டு, ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயரை முழுசாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். தம்பி பக்கத்தில் நின்று மை காயும்வரை தாளைப் பிடித்திருந்தார்.