திசை காட்டும் புற்றுகள்

மாணவர்களே, உங்கள் வீட்டில் மாலையில் அதிகம் புழுங்கும் அறை எது? பெரும்பாலும் மேற்குச் சுவர் உள்ள அறைதான். கிள்ளானில் என் அறையும் அப்படியே. மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுழற்றும்.

வட ஆஸ்திரேலியாவில், டார்வினுக்குத் தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் பேட்ச்லர் என்றொரு சிற்றூர். அதன் அருகே லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்கா. அங்குள்ள கரையான் புற்றுகள் நம் கோயில் புற்றுபோல் இரா. ஆளுயரத்தையும் தாண்டி, பலகையை நட்டதுபோல் தட்டையாக, எல்லாமே வடக்கு தெற்காக நிற்கும். முதலில் பார்ப்பவருக்கு இடுகாடு என்றே தோன்றும்!

ஏன் இப்படி? காலை வெயில் அகன்ற கிழக்கு முகத்தில் பட்டு, இரவில் குளிர்ந்த புற்றைச் சூடாக்குகிறது. உச்சிவேளையில் மெல்லிய விளிம்பில் மட்டுமே வெயில் படுவதால் சூடு மேலும் ஏறுவதில்லை. வெப்பம் மிகுந்தால் மற்ற கரையான்கள் மண்ணுக்குள் இறங்கிவிடும். இவற்றுக்கு அந்த வழி இல்லை. மழைக்காலத்தில் அந்தச் சமவெளியில் வெள்ளம் தேங்கிவிடும்.

ஆய்வாளர்கள் சில புற்றுகளை அடியோடு அறுத்து, கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்து அளந்தார்கள். நண்பகலில் உள்ளே வெப்பம் கூடியது. சரி, பார்வையற்ற வேலைக்காரக் கரையானுக்குத் திசை எப்படித் தெரியும்? பூமியின் காந்தப்புலத்தை அது உணர்கிறது என்று சோதனைகள் காட்டுகின்றன.

நாமும் வீட்டை அப்படியே கட்டலாமா? கூடாது. நமக்குக் காலைச் சூடு தேவையில்லை. கோலாலம்பூர் 3 பாகை வடக்கில் உள்ளது. இங்கே கிழக்கு, மேற்குச் சுவர்கள்தாம் ஆண்டு முழுவதும் வெயில் வாங்கும். ஆகவே அகன்ற சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும், புற்றுக்கு நேர்மாறு.

இன்று மாலை 5 மணிக்கு நான்கு சுவர்களிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.