தாமிரபரணிக் கடைமடையில் குடிநீர், கழிவுநீர்க் கட்டமைப்பு முதலீடு

ஓர் ஊருக்குக் குடிநீர் கொண்டு வருவதற்கும், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து வெளியேற்றுவதற்கும் ஆகும் செலவே குடிநீர், கழிவுநீர்க் கட்டமைப்பு முதலீடு எனப்படும். கிணறு, நீரேற்று நிலையம், குழாய், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆகியவை இதன் முதல் பாதி. கழிவுநீர்க் குழாய், சுத்திகரிப்பு நிலையம், கசடு மேலாண்மை ஆகியவை மறுபாதி. நம் ஊர்களில் முதல் பாதிக்கே பணம் எளிதில் கிடைத்து வந்திருக்கிறது. மறுபாதி பல ஆண்டுகள் பின்தங்கி விடுகிறது. இதன் விளைவைத் தூத்துக்குடி மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம்.

கடைமடை நிலை

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, சுமார் 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். ஜி.யு.போப் பணியாற்றிய சாயர்புரம் பேரூராட்சி உட்பட, ஆற்றுக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட ஊர்கள் யாவும் இந்தக் கடைமடைப் பகுதியில் உள்ளன. கடற்கரையை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால், ஆற்றுப் படுகையிலிருந்து குழாய் வழியே வரும் நீரே இப்பகுதிக்கு ஆதாரம்.

கடைமடையில் இருப்போருக்கு இரண்டு இடர்கள் உண்டு. மேலே உள்ளோர் எடுத்தது போக மிஞ்சும் நீரே அவர்களுக்குக் கிடைக்கும். மேலே உள்ளோர் விடும் கழிவும் அந்த நீரிலேயே வரும். திருநெல்வேலி நகரம் உள்ளிட்ட கரையோர ஊர்களின் கழிவுநீர் ஆற்றில் கலப்பது தொடர்பான வழக்கில், 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே சென்று ஆய்வு செய்தனர்.

முதல் பாதி: நீர் வந்த வரலாறு

முத்துக்குளிப்புக்கும் துறைமுகத்துக்கும் பெயர் பெற்ற தூத்துக்குடி, குடிநீருக்குத் தவித்த நகரம். கடும் பஞ்ச காலத்தில் கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைக்கப்பட்டது. நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, இதற்கு நிலையான தீர்வாக வல்லநாட்டிலிருந்து குழாய் பதித்துத் தாமிரபரணி நீரை நகருக்குக் கொண்டுவரும் திட்டத்தை முன்னெடுத்தார். 1927இல் அது நிறைவேறியது. நகரம் வளர வளரக் கூடுதல் குழாய்கள் பதிக்கப்பட்டன. கலியாவூரிலிருந்து நீர் எடுக்கும் நான்காவது குழாய்த் திட்டத்துக்கு மட்டும் சுமார் 282 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

மறுபாதி: நீர் போகும் வழி

வீட்டுக்கு வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு. பாதாளச் சாக்கடை இல்லாத, குழாய்க் குடிநீர் உள்ள ஊருக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் கையேடு தந்த வழிகாட்டு அளவு. இதன்படி 10,000 பேர் வாழும் ஊருக்கு நாளொன்றுக்கு 7 லட்சம் லிட்டர் நீர் வர வேண்டும். அதில் 5.6 லட்சம் லிட்டர் கழிவுநீராகும். எனவே குடிநீர் விநியோகத்தை உயர்த்தும் ஒவ்வொரு திட்டமும், கழிவுநீரையும் அதே வேகத்தில் உயர்த்துகிறது. அதற்கு வழி செய்யாவிட்டால் தெருவோரச் சாக்கடை, ஓடை, குளம் என்று சென்று அந்நீர் நிலத்தடியிலோ ஆற்றிலோ கலந்துவிடும்.

சிறிய ஊர்களில் பெரும்பாலும் செப்டிக் டேங்குகளே உள்ளன. அதில் திடப்பொருள் அடியில் கசடாகப் படியும், மேல்நீர் வெளியேறும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை லாரி மூலம் உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்த கசடைக் கொட்ட உரிய இடம் இல்லையென்றால், அது ஓடையிலோ தரிசு நிலத்திலோ கொட்டப்படும். மனிதர் உள்ளே இறங்கிக் கழிவை அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே இயந்திர வசதிக்குச் செலவிடுவது தொழிலாளர் உயிரைக் காக்கும் செலவுமாகும்.

பணம் எங்கிருந்து வரும்?

மத்திய, மாநில அரசுகளின் மானியமே முதன்மை வழி. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஊரக வீடுகளுக்கும், 2021இல் தொடங்கிய அம்ருத் 2.0 நகர்ப்புறங்களுக்கும் உரியவை. மானியம் போதாதபோது தமிழ்நாடு கண்ட வேறு வழிகளும் உண்டு.

*மக்கள் பங்களிப்பு:* சென்னையை அடுத்த ஆலந்தூர் நகராட்சி, 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை பெற்றது. குடியிருப்போர் நலச் சங்கங்களிடம் திட்டத்தை விளக்கி அவர்களின் ஒப்புதலைப் பெற்றதே இதன் வெற்றிக்குக் காரணம். மீதித் தொகைக்குக் கடனும் மானியமும் பெறப்பட்டன.

*கூட்டுக் கடன்:* சிறிய ஊராட்சி அமைப்பு தனியே கடன்பத்திரம் வெளியிட்டால் வாங்குவோர் குறைவு. 2002-03இல் 13 சிறு நகர அமைப்புகளின் திட்டங்களை ஒன்றுசேர்த்து, தமிழ்நாட்டில் 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. பலர் சேர்ந்ததால் ஒருவரது இடர் குறைந்தது.

*கூட்டு வசதி:* பாதாளச் சாக்கடை எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அருகிலுள்ள மதுராந்தகத்தின் கசடும் அங்கேயே சுத்திகரிக்கப்படுகிறது. சாயர்புரம் போன்ற பேரூராட்சிகளுக்குப் பொருத்தமான முன்மாதிரி இது.

*மறுபயன்பாட்டு வருவாய்:* சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் கழிவுநீர் உயர்தரத்தில் சுத்திகரிக்கப்பட்டு ஆலைகளுக்கு விற்கப்படுகிறது. தூத்துக்குடியிலும் ஆலைகளுக்கு இவ்வாறு நீர் தர முடிந்தால், அந்த அளவுக்கு ஆற்றுநீர் குடிநீருக்கும் பாசனத்துக்கும் மிஞ்சும்.

கட்டியபின் ஆகும் செலவு

திறப்பு விழாவுடன் முதலீடு முடிவதில்லை. மின்கட்டணம், குளோரின், இயக்குநர் ஊதியம், கசிவு சீரமைப்பு ஆகியவை ஆண்டுதோறும் வருவன. இவற்றுக்குக் குடிநீர்க் கட்டணமோ பொது நிதியோ உறுதி செய்யப்படாவிட்டால், புதுக் கட்டமைப்பும் சில ஆண்டுகளில் பழுதாகும்.

இயற்கைச் சீற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி வெள்ளத்தில் ஆற்றுப் படுகையிலிருந்த குடிநீர்த் திட்டக் கட்டமைப்புகள் பல சேதமடைந்தன. சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்க நீரின்றி மக்கள் தவித்தனர். மோட்டார்களையும் மின்பலகைகளையும் வெள்ள மட்டத்துக்கு மேலே அமைப்பது தொடக்கச் செலவைச் சற்றுக் கூட்டும். பின்னாளில் நேரும் பேரிழப்பைத் தவிர்க்கும்.

மக்கள் கேட்க வேண்டியவை

கிராம சபையிலும், நகர்ப்புறப் பகுதி சபையிலும் புதிய குடிநீர்த் திட்டம் பேசப்படும்போது நான்கு கேள்விகள் கேட்கலாம்:

1. கூடுதலாக வரும் நீர் கழிவானபின் எங்கே போகும்?
2. பராமரிப்புச் செலவை யார், எந்த நிதியிலிருந்து ஏற்பர்?
3. வெள்ளக் காலத்திலும் திட்டம் இயங்குமா?
4. தெருக்கோடிக் குழாயில் நீரின் தரம் எப்போது சோதிக்கப்பட்டது? (அங்கும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும்.)

முதல் கேள்விக்கு விடை இல்லாத திட்டம் பாதித் திட்டமே. மீதிப் பாதியின் சுமையை ஆற்றில் நமக்குக் கீழே உள்ள ஊர் சுமக்க நேரும்.