பிழையின் தடம்

நுழையும்முன்

நம் கைக்கடிகாரம் முதல் விண்கலம் வரை கண்ணுக்குப் புலப்படாத கணினிகள் இயங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நிரலில் பிழை நேர்ந்தால் அதனை எவ்வாறு கண்டறிவது? திரையோ விசைப்பலகையோ இல்லாத கணினியின் உள்ளே எவ்வாறு எட்டிப் பார்ப்பது? பிழைதிருத்தம் என்னும் அறிவியல் முறையையும், பல கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் நேர்ந்த ஒரு பிழை கண்டறியப்பட்ட வரலாற்றையும் விளக்குகிறது இப்பாடம்.

பொதிந்திருக்கும் கணினிகள்

கணினி என்றவுடன் திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், உலகில் இயங்கும் கணினிகளுள் பெரும்பாலானவை அவ்வடிவில் இல்லை. துணி துவைக்கும் எந்திரம், மின்தூக்கி, மின்அளவி, மகிழுந்தின் தடுப்பான், இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி ஆகியவற்றின் உள்ளே சிறு கணினிகள் பொதிந்துள்ளன. ஒரு குறிப்பிட்ட பணிக்காக ஒரு கருவியின் உள்ளேயே அமைக்கப்படும் இவற்றை உட்பொதிக்கப்பட்ட கணினிகள் என்பர்.

மேசைக் கணினியில் நிரல் பிழைபட்டால் திரையில் ஒரு செய்தி தோன்றும். உட்பொதிக்கப்பட்ட கணினிக்குப் பெரும்பாலும் திரை இல்லை. மின்தூக்கி இரு தளங்களுக்கு இடையே நின்றுவிடும், அவ்வளவே தெரியும். ஏன் நின்றது என்பதை அது தானாகக் கூறாது. எனவே, அதன் உள்ளே நிகழ்வதைப் பார்ப்பதற்கென்றே தனி வழிமுறைகள் தேவைப்படுகின்றன.

மூலநிரலும் எந்திர மொழியும்

நிரலர் ஒருவர் சி முதலிய மொழிகளில் எழுதுவது மூலநிரல் ஆகும். அது மனிதர் படித்தறியத்தக்கது. ஆனால், நுண்செயலி அறிந்தது எண்களால் ஆகிய எந்திர மொழியை மட்டுமே. மூலநிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. இம்மாற்றத்தின்போது மாறிகளின் பெயர்களும் வரி எண்களும் மறைந்து, நினைவக முகவரிகள் மட்டுமே எஞ்சும்.

பிழை தேடுபவருக்கு வெறும் முகவரிகளால் பயனில்லை. ஆகவே, ‘எந்திர மொழியின் இந்தக் கட்டளை மூலநிரலின் இந்த வரியிலிருந்து பிறந்தது; இந்த முகவரியில் உள்ளது இந்த மாறி’ என்று காட்டும் ஓர் அட்டவணையையும் நிரல்பெயர்ப்பி உருவாக்கித் தருகிறது. இந்த அட்டவணையின் துணையால், இயங்கும் எந்திரத்தை மூலநிரலின் வழியாகவே பார்க்கலாம். இதுவே மூலநிரல்நிலைப் பிழைதிருத்தம் எனப்படும்.

நிறுத்திப் பார்த்தல்

இம்முறையில் இரண்டு கணினிகள் பங்குபெறுகின்றன. நிரலரின் மேசையில் இருப்பது ஒன்று. பிழை காணப்பட வேண்டிய உட்பொதிக்கப்பட்ட கணினி மற்றொன்று. இரண்டையும் ஒரு சிறு இணைப்புக் கருவி பிணைக்கிறது. இதற்குப் பரவலாகப் பயன்படுவது ஜேடேக் என்னும் இணைப்பு முறை. மின்சுற்றுப் பலகையில் பற்றவைப்புகள் சரியாக உள்ளனவா எனச் சோதிப்பதற்காக உருவாகி, 1990ஆம் ஆண்டில் தரநிலையாக ஏற்கப்பட்ட இம்முறை, பின்னர் நுண்செயலியின் உள்ளே நோக்குவதற்கும் வாயிலாயிற்று.

நிரலர் மூலநிரலில் ஒரு வரியைத் தேர்ந்து அங்கு நிறுத்தப்புள்ளியை அமைக்கிறார். செயல் அவ்வரியை அடைந்ததும் நுண்செயலி நின்றுவிடும். அப்போது மாறிகளின் மதிப்புகளைப் படிக்கலாம். ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கலாம். எந்த வரியில் மதிப்பு தவறுகிறது எனக் கண்டறியலாம்.

கருவி காட்டுவது மெய்யா?

சில வேளைகளில் பிழைதிருத்தும் கருவியே நம்மைக் குழப்புவதுபோல் தோன்றும். நிறுத்தப்புள்ளியில் செயல் நிற்காது; அல்லது ஒரு வரியிலிருந்து முன்னும் பின்னும் தாவும்; மாறியின் மதிப்பு பொருளற்றதாக இருக்கும். அப்போது சிலவற்றை வரிசையாகச் சரிபார்த்தல் வேண்டும்.

முதலாவது, கருவியில் இயங்கும் நிரலும் மேசையில் திறந்திருக்கும் மூலநிரலும் ஒன்றேதானா என்பது. மூலநிரலில் இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டு, புதிய நிரலைக் கருவியில் ஏற்ற மறந்தால், அட்டவணை காட்டும் வரி ஒன்றாகவும் உண்மையில் இயங்கும் வரி வேறாகவும் இருக்கும். பழைய ஊரின் வரைபடத்தைக் கொண்டு புதிய ஊரில் வீடு தேடுவதற்கு இஃது ஒப்பாகும்.

இரண்டாவது, நிறுத்தப்புள்ளிகளின் எண்ணிக்கை. நிரல் அழியா நினைவகத்தில் இருக்கும்போது அதன் கட்டளைகளை நினைத்தவுடன் மாற்றி எழுத இயலாது. எனவே, நுண்செயலியின் வன்பொருளே முகவரிகளை ஒப்பிட்டு நிறுத்த வேண்டும். சிறிய நுண்செயலிகள் பலவற்றில் இத்தகைய ஒப்பீட்டுச் சுற்றுகள் நான்கு அல்லது ஆறு மட்டுமே இருக்கும். அதற்கு மேல் அமைக்க முயன்றால் கருவி ஏற்காது.

மூன்றாவது, நிரல்பெயர்ப்பி செய்யும் செம்மையாக்கம். நிரல் விரைவாக இயங்கும்பொருட்டு அது வரிகளின் வரிசையை மாற்றும், இரண்டை ஒன்றாக்கும், தேவையற்றது எனக் கருதும் மாறியை அடியோடு நீக்கும். ஒரு பொத்தான் அழுத்தப்படும்வரை காத்திருக்கும் நிரலைக் கருதுவோம். பொத்தானின் நிலையைக் குறிக்கும் மாறியை வன்பொருள் மாற்றுகிறது. ஆனால், நிரலுக்குள் அதனை மாற்றுவார் எவருமில்லை என்று கருதும் நிரல்பெயர்ப்பி, அம்மாறியை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு அம்மதிப்பையே மீண்டும் மீண்டும் நோக்கும். எத்தனை முறை அழுத்தினாலும் பயனிராது. செம்மையாக்கம் இல்லாமல் பெயர்த்தால் அதே நிரல் சரியாக இயங்கக்கூடும். ‘இம்மாறி வெளியிலிருந்து மாறக்கூடியது’ என அறிவிக்கும் வோலடைல் என்னும் சொல்லைச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. இங்குக் கருவி பொய்யுரைக்கவில்லை. அது காட்டிய வியப்பே பிழைக்கான தடயம் ஆயிற்று.

நிற்காத உலகம்

நிறுத்திப் பார்க்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. நுண்செயலியை நிறுத்தினால் அது மட்டுமே நிற்கும்; அதனைச் சூழ்ந்த உலகம் நிற்பதில்லை. மின்னோடி சுழன்றுகொண்டிருக்கும்; செய்திகள் வந்துகொண்டிருக்கும். ஒரு பணிக்கும் மற்றொரு பணிக்கும் இடையேயுள்ள நுண்ணிய கால இடைவெளியில் பிறக்கும் பிழை, நிறுத்திப் பார்க்க முனைந்தவுடன் மறைந்துவிடவும் கூடும்.

இத்தகைய பிழைகளுக்குத் தடப்பதிவு என்னும் முறை உதவுகிறது. எந்தப் பணி எப்போது தொடங்கியது, எப்போது இடைநின்றது, எதற்காகக் காத்திருந்தது என்பவற்றை நிரல் இயங்கும்போதே நினைவகத்தின் ஒரு பகுதியில் குறித்துக்கொண்டே வருவர். பிழை நேர்ந்த பின்னர் அக்குறிப்பைப் பின்னோக்கிப் படிப்பர். இம்முறையின் பயனை உலகம் உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று 1997ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

செவ்வாயில் நேர்ந்த இடர்

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் ஏரிஸ் வாலிஸ் என்னும் பகுதியில் தரையிறங்கியது. சோஜர்னர் என்னும் ஆறு சக்கர ஊர்தியை அது தன்னுடன் கொண்டுசென்றது. படங்கள் பூமிக்கு வரத் தொடங்கின. வானிலைத் தரவுகளும் திரட்டப்பட்டன.

சில நாள்களில், தரையிறங்கிய கலத்தின் கணினி திடீரெனத் தன்னை மீள்தொடக்கம் செய்துகொண்டது. இது மீண்டும் நிகழ்ந்தது. திரட்டிய தரவுகள் அழியவில்லை. ஆயினும், ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. தரையிறங்கிய கலத்திற்கு 30 நாளும் ஊர்திக்கு 7 நாளுமே பணிக்காலமாகத் திட்டமிடப்பட்டிருந்தமையால் ஒவ்வொரு நாளும் அரியதாக இருந்தது. பூமியிலிருந்து அனுப்பும் ஒரு சைகை செவ்வாயை அடையவே பத்து நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அங்குச் சென்று இணைப்புக் கருவியைப் பொருத்துவார் எவருமில்லை.

மூன்று பணிகள்

அக்கணினியில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் நிகழ்நேர இயக்க அமைப்பு இயங்கியது. பல பணிகள் ஒரே நுண்செயலியைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. உயர்ந்த முன்னுரிமையுடைய பணி ஆயத்தமானால், தாழ்ந்தது உடனே விலகி வழிவிட வேண்டும்.

கலத்தின் உறுப்புகளுக்கு இடையே தரவுகளைப் பங்கிடும் பணி உயர்ந்த முன்னுரிமை உடையது. வானிலைத் தரவுகளைத் திரட்டும் பணி தாழ்ந்தது. இவ்விரண்டும் பொதுவான ஒரு தகவல் வழியைப் பயன்படுத்தின. ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே அதனைக் கையாளும்வண்ணம் அதற்கு ஒரு பூட்டு இருந்தது. வானிலைப் பணி பூட்டைப் பெற்றிருக்கும்போது பங்கிடும் பணி அதற்காகக் காத்திருக்கும். இயல்பாக இக்காத்திருப்பு மிகக் குறுகியது. ஆனால், அந்நேரத்தில் இடைநிலை முன்னுரிமையுடைய வேறு பணிகள் ஆயத்தமானால், அவை வானிலைப் பணியை விலக்கிவிட்டுத் தாம் இயங்கும். வானிலைப் பணி இயங்காததால் பூட்டு விடுபடாது. பூட்டு விடுபடாததால் உயர்ந்த பணியும் நகராது.

குறுகிய பாலம் ஒன்றில் மாட்டுவண்டி செல்கிறது. அதன்பின் நோயாளியுடன் அவசர ஊர்தி நிற்கிறது. பாலத்தின் முடிவில் உள்ள நெடுஞ்சாலையில் வண்டி, சரக்குந்துகளுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. சரக்குந்துகள் வரிசையாக வந்தால் வண்டி நகராது. சரக்குந்துகளை முந்தும் உரிமை பெற்ற அவசர ஊர்தியும் அவற்றுக்காகக் காத்து நிற்க நேரும். இதனையே முன்னுரிமை தலைகீழாதல் என்பர்.

கலத்தில் இச்சுழற்சி நொடிக்கு எட்டு முறை நிகழ்ந்தது. ஒவ்வொரு சுழற்சியின்போதும், முந்தைய பங்கீடு முடிந்துவிட்டதா என்று மற்றொரு பணி சோதித்தது. முடியவில்லை எனின், ஏதோ பெரும் பிழை நேர்ந்தது எனக் கருதிக் கணினியை மீள்தொடக்கம் செய்தது. பிழையிலிருந்து கலத்தைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது.

ஆய்வகத்தில் தேடல்

பாசடேனாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், கிளென் ரீவ்ஸ் தலைமையிலான மென்பொருள் குழுவினர் தேடலைத் தொடங்கினர். கலத்தில் இருந்த அதே மென்பொருள் அவர்களிடம் இருந்தது. தடப்பதிவு உள்ளிட்ட பிழைதிருத்த வசதிகளை அவர்கள் அம்மென்பொருளிலிருந்து நீக்காமலேயே விண்ணுக்கு அனுப்பியிருந்தனர். சோதித்ததையே பறக்கவிட வேண்டும்; பறப்பதையே சோதிக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி. கலத்தின் தடப்பதிவு முழுவதையும் பூமிக்கு அனுப்ப இயலாது. அதன் அளவு மிகப் பெரிது. ஆகவே, செவ்வாயில் நிகழ்ந்த அதே பணிகளை ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் நிகழ்த்தினர். 18 மணி நேரத்திற்குள் அதே பிழை அங்கும் தோன்றியது. தடப்பதிவைப் படித்ததும் காரணம் தெளிவாயிற்று.

ஏவுதலுக்கு முன்னரே சோதனையில் இப்பிழை தலைகாட்டியதுண்டு. ஆனால், மீண்டும் வரவழைக்க முயன்றபோது அது வரவில்லை. தரையிறங்கும் பகுதியின் மென்பொருளே உயிர்நாடி என்பதால் குழுவின் கவனம் அதன்மேல் இருந்தது. செவ்வாயில் எதிர்பார்த்ததைவிட மிகுதியான தரவுகள் திரண்டபோது, அரிதாக நேர்ந்த அப்பிழை அடிக்கடி நேரலாயிற்று.

தீர்வு

இதற்கான தீர்வு முன்பே அறியப்பட்டிருந்தது. லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகிய மூவரும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, முன்னுரிமை மரபுரிமம் என்னும் முறையை விளக்கியிருந்தது. இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் பணியின் உயர்ந்த முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்குவதே அம்முறை. பாலத்தைக் கடக்கும்வரை மாட்டுவண்டிக்கு அவசர ஊர்தியின் உரிமையை அளிப்பது போன்றது இது.

விஎக்ஸ்வொர்க்ஸில் இவ்வசதி இருந்தது. ஆனால், குறிப்பிட்ட அந்தப் பூட்டு, இவ்வசதி முடக்கப்பட்ட நிலையில் உருவாக்கப்பட்டிருந்தது. அதனை இயக்கினால் பிற பகுதிகள் பாதிக்கப்படுமா என்று குழுவினர் ஆராய்ந்து சோதித்தனர். பின்னர், கலத்தில் உள்ள நிரலுக்கும் புதிய நிரலுக்கும் இடையேயான வேறுபாட்டை மட்டும் செவ்வாய்க்கு அனுப்பி மாற்றினர். சிக்கல் தீர்ந்தது. 7 நாளுக்கெனத் திட்டமிடப்பட்ட சோஜர்னர், கலத்துடனான தொடர்பு அற்றுப்போகும்வரை ஏறத்தாழ மூன்று மாதங்கள் பணியாற்றியது.

தெரிந்து தெளிவோம்

கணினிப் பிழையை ஆங்கிலத்தில் ‘பக்’ என்பர். பூச்சி என்பது அதன் பொருள். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்டு மார்க் II கணினியின் மின்தொடர்பு விசையில் சிக்கிய விட்டில் ஒன்றை அங்குப் பணியாற்றியோர் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். ஆயினும், கருவிகளில் நேரும் குறையைச் சுட்ட இச்சொல் அதற்கு முன்பே வழங்கியது. தாமஸ் ஆல்வா எடிசன் 1878ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்திலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது.

பிழை தேடும் பண்பு

பிழைதிருத்தம் என்பது ஊகித்து மாற்றிப் பார்க்கும் செயலன்று. பிழையை மீண்டும் நிகழச் செய்தல், அது நிகழும் தடத்தைப் பதிதல், காரணத்தை உறுதிசெய்தல், ஒன்றை மட்டும் மாற்றுதல், மாற்றத்தின் விளைவைச் சோதித்தல் என்னும் படிநிலைகளைக் கொண்டது. பிழையே இல்லாத நிரலை எழுதுவது அரிது. ஆனால், பிழை நேருங்கால் உள்ளே நோக்குவதற்கு உரிய வாயிலை முன்கூட்டியே அமைத்துவைப்பது நிரலரால் இயலும். மனிதர் சென்றடைய இயலாத செவ்வாயில் இருந்த கலம் சீர்செய்யப்பட்டது அவ்வாயில் அமைக்கப்பட்டிருந்ததால்தான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் உட்பொதிக்கப்பட்ட கணினிகள் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் பிழை நேர்ந்தால் விளையக்கூடியவற்றை எழுதுக.

2. முன்னுரிமை தலைகீழாதலை விளக்கும் வேறோர் எடுத்துக்காட்டை அன்றாட வாழ்விலிருந்து உருவாக்கி வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘சோதித்ததையே பறக்கவிட வேண்டும்’ என்னும் நெறி ஏன் இன்றியமையாதது என்பது குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.