களஞ்சியத்தின் சாவி யார் கையில்?

"உலகம் உண்டான நாள் முதலே ஏழையும் உண்டு, பணக்காரனும் உண்டு. ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?"

இந்தப் பேச்சைக் கேட்காத தொழிலாளி உண்டா? டீக்கடைப் பெஞ்சில் கேட்கிறோம். சங்கத்துக்குச் சந்தா கேட்கப் போகிற இடத்தில் கேட்கிறோம். முதலாளி சொன்னால் கவலை இல்லை. அது அவர் பிழைப்பு. நம்மோடு ஒரே மிஷினில் நிற்கிற தோழரே சொல்லும்போதுதான் மனம் சங்கடப்படுகிறது. சரி, உலகம் உண்டான நாள் என்கிறார்களே, அந்தக் கணக்கையே எடுத்துப் பார்த்துவிடுவோம்.

நம்மைப் போன்ற மனிதன் இந்தப் பூமியில் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இதை 8 மணி நேர ஷிப்டாக வைத்துக்கொள்ளுங்கள். மனிதன் முதன் முதலில் விதை விதைத்தது எப்போது? ஷிப்டு முடியக் கடைசி 18 நிமிடம் இருக்கும்போது! மன்னன், வரி, எழுத்து, கணக்கன் இவையெல்லாம் வந்தது கடைசி 8 அல்லது 9 நிமிடத்தில்! அதற்கு முந்திய ஏழே முக்கால் மணி நேரமும் நிலத்துக்குப் பட்டாவும் இல்லை, பட்டாதாரரும் இல்லை.

பயிர்த்தொழில் உலகில் பல இடங்களில் தனித்தனியே தோன்றியது. சீனத்தில் நெல், மெக்சிகோவில் மக்காச்சோளம். ஆயினும் மிகப் பழையதும், நன்றாகத் தோண்டி ஆராயப்பட்டதும் மேற்கு ஆசியாதான். இன்றைய ஈராக், சிரியா, துருக்கி, ஜோர்டான், பாலஸ்தீனம் வழியாகப் பிறைபோல் வளைந்து கிடக்கும் பூமி அது. அங்கே கோதுமையும் பார்லியும் காட்டுப் புல்லாகத் தாமாக முளைத்தன.

எவ்வளவு முளைத்தன தெரியுமா? ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கப் பயிர் விஞ்ஞானி 1966-ல் துருக்கி மலைச்சரிவில் இறங்கி, கல் அரிவாள் கொண்டு காட்டுக் கோதுமையை அறுத்தே பார்த்துவிட்டார். ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு கிலோ சுத்தமான தானியம்! மூன்று வாரம் பாடுபட்டால் ஒரு குடும்பம் ஓராண்டு உண்ணுவதற்கு மேலேயே சேர்த்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார். ஆக, ஆதிமனிதன் பட்டினி தாங்காமல்தான் கலப்பையைத் தேடி ஓடினான் என்ற பள்ளிக்கூடப் பாடம் அப்படியே செல்லாது.

காட்டுக் கோதுமைக்கு ஒரு குணம் உண்டு. முற்றினால் கதிர் உடைந்து மணி தரையில் சிதறும். அபூர்வமாக ஒரு செடி பிறவிக் கோளாறால் சிதறாமல் நிற்கும். காட்டில் அந்தச் செடிக்கு வாரிசு இல்லை. ஆனால் அறுக்க வருகிற மனிதன் கையில் அகப்படுவது அதன் கதிர்தானே? அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். அதிலிருந்தே அடுத்த ஆண்டு விதைத்தான். இப்படி ஆண்டுக்கு ஆண்டு நடந்து, மனிதன் கை இல்லாமல் வாழ முடியாத பயிராகக் கோதுமை மாறியது. மாமேதை ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்த சங்கதி அல்ல இது. பேர் தெரியாத ஆணும் பெண்ணும் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. இதைப் 'புதிய கற்காலப் புரட்சி' என்று அழைத்தவர் கார்டன் சைல்டு, மார்க்சியத்தில் தோய்ந்த ஆராய்ச்சியாளர். அவர் 1936-ல் எழுதியபோது நினைத்ததைவிட இந்தப் புரட்சி மெதுவாகவே நடந்தது என்று பின்னர் நடந்த அகழ்வுகள் காட்டுகின்றன. காட்டட்டும், புதிய சான்று வந்தால் ஏற்பதுதான் விஞ்ஞானம்.

விதைத்தார்கள், அறுத்தார்கள். எங்கே வைத்தார்கள்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. சாக்கடலுக்கு அருகே ஜோர்டானில் 'திரா' என்ற இடத்தில் 11,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தானியக் களஞ்சியங்களைத் தோண்டி எடுத்து, 2009-ல் அந்த விவரத்தை வெளியிட்டார்கள். வட்டமான மண்கட்டடம், எலியும் ஈரமும் அண்டாதபடி தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அது எந்த வீட்டுக்குள்ளும் இல்லை! வீடுகளுக்கு நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. காலப்போக்கில், மற்ற ஊர்களில், தானியம் மெல்ல வீட்டுக்குள் போகிறது. பிறகு வீட்டுக்குள்ளேயே அதற்கென்று தனி அறை வருகிறது. பொதுக் குதிர் சொந்தக் குதிரான கதை இது.

உழைப்பும் கூடியது. சிரியாவில் அபு ஹுரேரா என்ற ஊரை 1972, 73-ல் தோண்டினார்கள். பின்னர் அணை நீர் அதை மூடிவிட்டது. அங்கே கிடைத்த பெண்களின் எலும்புகளில் கால்விரல் மூட்டு தேய்ந்திருக்கிறது, முழங்கால் நைந்திருக்கிறது. நாள் முழுவதும் மண்டியிட்டுக் கல்லில் தானியம் அரைத்த உடம்பு! அம்மியில் குனிந்து முதுகு போன நம் தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் தோழர்களே, பயிர் வந்ததும் மன்னன் வந்துவிடவில்லை. துருக்கியில் சாத்தல்ஹோயுக் என்று ஒரு பேரூர். கி.மு. 7100-லிருந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். அரண்மனை இல்லை. வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஆணும் பெண்ணும் உண்ட உணவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று எலும்புகள் சொல்கின்றன. கோதுமை பயிரானதற்கும் முதல் அரசு தோன்றியதற்கும் இடையே ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள் ஓடின. விதையிலேயே அடிமைத்தனம் இருந்தது என்றால், அது முளைக்க ஐயாயிரம் ஆண்டா பிடிக்கும்?

அது முளைத்த இடம் தெற்கு ஈராக், ஊருக் நகரம், கி.மு. 3300 அளவில். அங்கே மழை குறைவு. ஆற்று நீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவர வேண்டும். வெள்ளம் வரும், வறட்சி வரும். ஆகவே பொதுச் சேமிப்பு வேண்டும். கோயில் அதைப் பொறுப்பேற்றது. முதலில் இது ஊருக்கு உபகாரமாகவே இருந்திருக்கும். ஆனால் காவலுக்கு நின்றவர்கள் வயலில் இறங்குவதை விட்டார்கள். களஞ்சியத்தின் சாவி அவர்கள் மடியில் ஏறியது. தானியம் அதற்குத் தோதான பண்டம். ஒரே காலத்தில் விளையும், கண்ணுக்குத் தெரியும், அளக்கலாம், சுமக்கலாம். கிழங்கு மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், கதிர் ஒளியாது. வரி வாங்குகிறவனுக்கு உகந்தது கதிர்தான் என்று ஜேம்ஸ் ஸ்காட் என்ற பேராசிரியர் 2017-ல் வந்த நூலில் வாதாடினார். நியாயமான வாதம். வேட்டுவன் பிடிக்காவிட்டால் வேறு காட்டுக்குப் போவான். விளைந்த வயலை விட்டு உழவன் எங்கே போவான்?

எழுத்து அங்கே பிறந்தது. எதற்கு? பாட்டுப் பாடவா, சாமி கும்பிடவா? ஊருக்கில் கிடைத்த ஆதி மண்பலகைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் வரவு செலவுக் கணக்கு! ஒரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதம், 'குஷிம்' என்று இருக்கிறது. குஷிம் ஆளின் பெயரா, அலுவலகத்தின் பெயரா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு. ஆள் என்றால், உலகில் எழுதப்பட்ட முதல் பெயர்களில் ஒன்று ஸ்டோர் கணக்கனுடையது. 'படி அளப்பு' என்பதற்கு அவர்கள் போட்ட குறி, மனிதத் தலையும் அருகே ஒரு கிண்ணமும். அடிமைப் பெண்ணுக்குக் குறி, பெண்ணும் மலையும். மலைநாட்டிலிருந்து பிடித்து வந்தவள் என்று பொருள்.

ஆயிரம் ஆண்டு கழித்து, ஊர் நகர மன்னர்கள் காலத்தில், கூலி விகிதமே எழுத்தில் இருக்கிறது. ஆண் தொழிலாளிக்கு மாதம் சுமார் 60 லிட்டர் பார்லி, பெண்ணுக்கு 30. ஆயிரக்கணக்கான பெண்கள் அரசு நெசவுக்கூடங்களில் இந்தப் பாதிக் கூலிக்கு நெய்தார்கள். சம வேலைக்குச் சம கூலி கேட்கும் சகோதரிகள் எத்தனை பழைய பாக்கியைக் கேட்கிறார்கள், பாருங்கள்!

பிறகு கடன் வந்தது. வெள்ளிக் கடனுக்கு வட்டி ஐந்தில் ஒரு பங்கு. பார்லிக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு. பார்லி கடன் வாங்குகிறவன் யார் என்று சொல்ல வேண்டுமா? விளைச்சல் பொய்த்தால் நிலம் போகும். அடுத்து மனைவி மக்கள் கடன்காரன் வீட்டுக்கு வேலை செய்யப் போவார்கள். குடிகள் இப்படிப் போனால் கால்வாய்க்கு ஆளேது, படைக்கு ஆளேது? மன்னர்கள் விழித்துக்கொண்டார்கள். கி.மு. 2400 அளவில் லகாஷ் மன்னன் எண்மெத்தேனா கடன்களை ரத்து செய்தான். அந்த விடுதலைக்கு சுமேரியச் சொல் 'அமார்கி'. நேர்ப்பொருள், தாயிடம் திரும்புதல். பாபிலோன் மன்னன் ஹம்முராபி கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டுவித்த சட்டம் இன்று பாரிசில் லூவர் காட்சிசாலையில் நிற்கிறது. கடனுக்குப் போன மனைவி மக்கள் மூன்று ஆண்டு உழைத்தால் போதும், நான்காம் ஆண்டு விடுதலை என்கிறது 117-ஆம் விதி. 48-ஆம் விதி, வெள்ளம் அடித்தோ நீரின்றியோ பயிர் போனவனுக்கு. அந்த ஆண்டு அவன் கடன்காரனுக்குத் தானியம் அளக்க வேண்டாம். கடன் எழுதிய மண்பலகையைத் தண்ணீரில் நனைத்துத் திருத்திக்கொள்ளலாம். அந்த ஆண்டு வட்டியும் இல்லை.