மினுங்காத டேஷ்போர்டு

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கோபன்ஹேகனில் உச்சிவெயில் என்றால், சூரியன் தொடுவானத்திலிருந்து வெறும் 11 பாகை உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அதே நாளில் சென்னையில் அது 53 பாகை ஏறி நிற்கும். டென்மார்க் தலைநகரில் மாலை 3.40க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. இருக்கிற கொஞ்சப் பகலும் சாய்ந்த வெயில்தான். அந்நாட்டின் ஸ்டோரபெல்ட் பாலத்தின் மேல் பிற்பகலில் மேற்கே காரோட்டிப் போகிறவருக்கு அந்த வெயில் முன்கண்ணாடி வழியே புகுந்து, டேஷ்போர்டின் மேல் கிடைமட்டமாகப் படுத்துக்கொள்கிறது.

வெயில் படுத்து வந்தால் என்ன கெட்டுப்போகும்? வழவழப்பான பிளாஸ்டிக் மேல் ஒளி செங்குத்தாக விழும்போது, சுமார் 4 விழுக்காடுதான் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். 11 பாகைச் சாய்வில் உரசிக்கொண்டு விழுந்தால் ஏறத்தாழ 35 விழுக்காடு திரும்பிவிடும். இயற்பியலாளர் ஃபிரெனல் 19ஆம் நூற்றாண்டில் தந்த சமன்பாடுகளில் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண்ணை 1.5 என்று போட்டால் வருகிற கணக்கு இது. வந்த கோணத்திலேயே திரும்பும் அந்த ஒளி போய்ச் சேரும் திசையில்தான் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார்.

சென்னைக்காரருக்கு வேறு தொல்லை. உச்சியிலிருந்து கொட்டும் வெயில் டேஷ்போர்டில் பட்டு மேல்நோக்கிச் சிதறி, சாய்ந்த முன்கண்ணாடியின் உட்புறத்தில் எதிரொளித்துக் கண்ணுக்கு வருகிறது. சாலைக்கு மேல் டேஷ்போர்டின் மங்கலான பிம்பம் ஒன்று மிதக்கும். அதில் மறைந்துபோகும் சாம்பல் நிற எருமையையோ மழைக்குழியையோ கடைசி நொடியில்தான் பார்ப்போம். இந்த நிலையில் கார் கழுவும் கடையில் காசு கொடுத்து சிலிக்கோன் பாலிஷ் அடித்து, டேஷ்போர்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று மகிழ்கிறவர்களை என்னவென்று சொல்ல!

ராலி கார்களைத் தயாரிப்பவர்கள் நெடுங்காலமாக இதற்கு நேர்மாறானதைச் செய்கிறார்கள். டேஷ்போர்டின் மேல் வெல்வெட் போலக் கறுப்பு இழைகளை நட்டுவிடுகிறார்கள். திருப்பூர் பனியன்களில் ‘ஃப்ளாக் பிரிண்ட்’ என்று தடவிப் பார்த்திருப்போமே, அதே வேலைதான். நகைப்பெட்டியின் உள்பக்கமும் பெரும்பாலும் இதுவே. நைலான் அல்லது ரேயான் இழையை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கிய தூள்தான் மூலப்பொருள். 3.3 டெசிடெக்ஸ் என்ற வழக்கமான தடிமனில் ஒரு நைலான் இழையின் குறுக்களவு சுமார் 19 மைக்ரான். அரை மில்லிமீட்டர் நீளத்தில் நறுக்கினால் ஒரே கிராமில் 60 லட்சம் துண்டுகள் இருக்கும். இவை நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும்போது நடுவில் புகும் ஒளி ஓர் இழையில் பட்டு அடுத்த இழைக்குப் போய், ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்பட்டு அடியிலேயே அடங்கிவிடுகிறது. தொலைநோக்கி செய்பவர்கள் குழாயின் உட்சுவரில் இப்படிப்பட்ட தாளை ஒட்டுவதும் இதற்காகத்தான்.

நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும். பசை தடவிய பரப்பில் பீச்சுக்குழாயால் தூளைத் தூவினால் இழைகள் பாதி சாய்ந்தும் பாதி படுத்தும் விழும். தொட்டால் மெத்தென்று இருக்கும், அடர்த்தி வராது. தொழிற்சாலைகள் மின்சாரத்தைத் துணைக்கு அழைக்கின்றன. தூள் இருக்கும் கலத்தில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம். பசை தடவிய பொருளுக்கு எர்த்து. மின்புலத்தில் ஒவ்வோர் இழையும் ஒரு நுனியில் நேர், மறு நுனியில் எதிர் என்று மின்னூட்டம் பிரிந்து, புலக்கோடுகளின் திசையில் தானே திரும்பிப் பாய்ந்து ஈரப் பசையில் செங்குத்தாகக் குத்தி நிற்கிறது. வீட்டில் செய்கிறவர்களுக்கென்று கைக்கருவிகளும் உண்டு. மின்னோட்டம் மிகச் சொற்பம் என்றாலும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இதன் பக்கம் போகக் கூடாது.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாதே, டேஷ்போர்டுக்கு எப்படி எர்த்து கொடுப்பது? பசையே வழி. நீர் கலந்த அக்ரிலிக் பசை ஈரமாக இருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தும். எர்த்துக் கிளிப்பை அந்தப் பசைப்படலத்தைத் தொடும்படி மாட்டுகிறார்கள். பசை காயத் தொடங்கினால் ஒட்டும் சக்தியும் போயிற்று, எர்த்தும் போயிற்று. ஏ.சி. காற்றுத் துளை போன்ற குழிவான மூலைகள் இன்னொரு தலைவலி. புலக்கோடுகள் விளிம்புகளில்தான் குவியும், குழிக்குள் இறங்காது. விளிம்பில் இழைகள் காடாக அடர்ந்து நிற்க, குழி மொட்டையாகவே கிடக்கும். அங்கே தூரிகையாலோ பீச்சுக்குழாயாலோ தூவித்தான் தீர வேண்டும்.

டென்மார்க்கின் குளிர்காலம் இதில் ஒரு வேடிக்கை செய்கிறது. இழைகளின் மேல் மெல்லிய ஈரப்பதம் இருந்தால்தான் மின்னூட்டம் அவற்றில் பரவும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. சுழியப் பாகையில் ஒரு கன மீட்டர் காற்று 4.8 கிராம் நீராவிதான் தாங்கும். அந்தக் காற்றை அடைத்த கராஜுக்குள் ஹீட்டர் வைத்து 20 பாகைக்குச் சூடாக்கினால், அப்போது அது 17.3 கிராம் தாங்கக்கூடியது. ஆகவே ஈரப்பதம் 28 விழுக்காடாகச் சரிந்துவிடும். வெளியே பனியும் தூறலும், உள்ளே பாலைவனம். இழைகள் சரியாகப் பறக்காது. சென்னையின் ஐப்பசிப் புழுக்கத்தில் எதிர்க்கதை: மின்னூட்டம் கசிந்து, தூள் கட்டி கட்டியாக விழும்.

இவ்வளவு பாடு ஏன் என்று கேட்கலாம். டேனிஷ் அரசு புதுக் கார்களுக்குப் போடும் பதிவு வரி 2015 வரை மேல்படியில் 180 விழுக்காடு. இன்றும் 150 விழுக்காடு வரை போகிறது. அப்படி வாங்கிய காரை எளிதில் தள்ளிவிட மனம் வராது. தன் கையாலேயே புதுப்பித்துக்கொள்ளத் தோன்றும்.

வேலையில் பாதி சுத்தம் செய்வதுதான். டேஷ்போர்டைக் காரிலிருந்து கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும்; காரின் மின்னணுக் கருவிகள் பக்கத்தில் உயர் அழுத்தப் பொறி தெறிக்கக் கூடாது. பழைய பாலிஷின் சிலிக்கோன் ஒரு சொட்டு மிஞ்சினாலும் பசை அங்கே விலகி ஓடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி துடைக்க வேண்டும். பசையின் நிறம் இழையின் நிறமாகவே இருக்கட்டும். ஒரு நாள் காயவிட்டு, ஒட்டாத தூளை வேக்கம் வைத்து எடுக்கலாம்.

அந்தத் தூளைத்தான் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1990களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நைலான் இழைத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூச்சுத்திணறலும் விடாத இருமலும் வந்தன. மருத்துவர் டேவிட் கெர்ன் ஆராய்ந்தபோது அது நுரையீரல் திசுவையே பாதிக்கும் தனி நோய் என்று தெரிந்தது. முழு இழை தடித்தது, நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது. வெட்டும்போது பிய்ந்து வரும் நுண்சிம்புகள் போகும். இன்னொன்று தீ. 1995 டிசம்பர் 11 அன்று மாசசூசெட்ஸில் மால்டன் மில்ஸ் ஆலையில் வெடிப்பும் பெருந்தீயும் மூண்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். காற்றில் பறந்த நைலான் இழைத்தூள் அந்த விபத்தின் விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. ஆலைத் தொழிலாளி ஆண்டுக்கணக்கில் சுவாசித்ததையும் வீட்டில் ஒரு நாள் செய்வதையும் ஒன்றாக வைக்க முடியாதுதான். ஆனாலும் FFP3 ரக முகக்கவசம் போடாமலும், பக்கத்தில் கேஸ் ஹீட்டர் எரியவிட்டும் இந்த வேலையில் இறங்குவது வீம்பு. முன்பயணி ஏர்பேக் மூடியின் மேலும் கை வைக்க வேண்டாம். அது கிழிய வேண்டிய நேரத்தில், கிழிய வேண்டிய கோட்டில் கிழிந்தாக வேண்டும். பசை அந்தக் கோட்டை இறுக்கிவிடலாம்.

இலங்கையிலிருந்து 1980களில் போன தமிழர்கள் டென்மார்க்கில் ஹெர்னிங்கில் விநாயகருக்கும் பிராண்டேயில் அபிராமிக்கும் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். அவர்களில் யாராவது இந்த வேலையில் இறங்கினால், டேஷ்போர்டுப் பிள்ளையாரின் இடத்தை முதலிலேயே மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுவது நல்லது. இருபக்க டேப் இழையின் மேல் நிற்காது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பொன்முலாம் பூசிய பிள்ளையாரும் வேண்டாம். முன்கண்ணாடியில் அவரே இன்னொரு முறை தரிசனம் தருவார். கருங்கல் நிறத்தவர் உத்தமம்.